ஆறு மூட்டைக் கூழாங்கல்

மனிதகுலம் கேட்டுக்கொள்ளட்டும்! முதலில் நெருப்பு வந்தது. பிறகு சக்கரம் வந்தது. அதற்கும் பிறகு பூஜ்யம் வந்தது. இம்மூன்றுக்கும் அடுத்தபடியாக, வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, கரட்டுப்பட்டிப் பேரூராட்சி நீரேற்று நிலையத்தில், தாமே சிந்தித்துத் தாமே நிலைநிற்கும் அறிவுமணிகளால் ஆன உலகின் முதல் சுத்திகரிப்பு உருளையை மாண்புமிகு அமைச்சர் அவர்கள் திறந்துவைக்க இருக்கிறார்கள். வரலாறு அன்று கரட்டுப்பட்டியைத் திரும்பிப் பார்க்கும். பொதுமக்கள் குடம் கொண்டுவர வேண்டாம். உட்கார நாற்காலி கொண்டுவரவும்.

இதைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது ஓட்டுநர் இல்லாத ஓர் ஆட்டோ. 2043இல் ஆட்டோவுக்கு ஓட்டுநர் தேவைப்படவில்லை. ஒலிபெருக்கிக்கு மட்டும் அதே பழைய தொண்டைக்கட்டு. சந்தைமேட்டுத் திருப்பத்தில் நடுச்சாலையில் ஓர் எருமை படுத்திருந்தது. ஆட்டோ நின்றது. ஹாரன் அடித்தது. "தயவுசெய்து வழிவிடவும்" என்று மூன்று மொழிகளில் கேட்டுக்கொண்டது. எருமை அசைபோட்டது. ஆக, நெருப்பு, சக்கரம், பூஜ்யம் பற்றிய அறிவிப்பை முழுதாகப் பதினாறு முறை கேட்கும் பேறு அந்த ஊரில் அந்த ஒரு ஜீவனுக்குத்தான் கிடைத்தது.

நீரேற்று நிலையத்து வாசலில் நின்றபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்த திலோத்தமைக்குச் சிரிப்பு வந்தது. அறிவிப்பை எழுதியவளே அவள்தான். எழுதச் சொன்னவர், அவள் விஞ்ஞானியாக வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் கழகத்தின் டைரக்டர். 'பூஜ்யத்துக்கு முன்னால நம்மைப் போட முடியாதா?' என்று அவர் கேட்டதையும், ஆண்டு வரிசை இடிக்கும் என்று சொல்லி அவள் தப்பித்ததையும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

"ஏங்க மேடம்," என்றார் பக்கத்தில் நின்ற பொன்னுரங்கம். இருபத்தாறு வருடமாக அந்த நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர். "அந்த ஜவ்வரிசிக்கு மூளை இருக்குதுன்றீங்களே, எந்தப் பக்கம் இருக்குது?"

ஜவ்வரிசி என்று அவர் சொன்னது அறிவுமணிகளைத்தான். அளவும் நிறமும் அதேதான். ஆராய்ச்சிக் கழகத்தில் யாராவது அப்படிச் சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

"உள்ளுக்குள்ளதாண்ணா. மூளைன்னா நம்ம மூளை மாதிரி இல்ல. பக்கத்துல யார் இருக்காங்க, எவ்வளவு அழுத்துறாங்க, நான் நகரணுமா வேணாமா, இவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"எங்க வார்டு கவுன்சிலருக்கு இதுல பாதிதான் தெரியும்."

கரட்டுப்பட்டியில் பூமிக்கடியில் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இங்கே நாலரை. தலைமுறை தலைமுறையாகக் குடித்ததில் ஊர்ப் பற்கள் எல்லாம் காவி ஏறிப் போயின. நாற்பது வயதில் முழங்கால் மடங்க மறுத்தது. பொன்னுரங்கம் சிரித்தால் உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பார். திலோத்தமை முதல்நாள் அதை அடக்கம் என்று நினைத்தாள். மறுநாள் ஆரம்பப் பள்ளிச் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், வருடா வருடம் வேறு வேறு முகங்கள். ஒரு படத்திலும் ஒரு வாயும் திறந்திருக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி இருந்த பழைய டவர்ல என்ன தொல்லைன்னா மேடம்," பொன்னுரங்கம் உருளையைத் தட்டிக் காட்டினார், "தண்ணி கீழேருந்து மேல ஏறுது. உள்ள இருக்கிற துகள் எல்லாம் நெருக்கமா உக்காந்திருந்தாத்தான் தண்ணி ஒவ்வொண்ணையும் தொட்டுக்கிட்டுப் போவும், அழுக்கை விட்டுட்டுப் போவும். எங்கயாச்சும் கொஞ்சம் நெகிழ்ந்துச்சுன்னு வைங்க, தண்ணிக்குச் சந்து கிடைச்சிரும். அப்புறம் மொத்தத் தண்ணியும் அந்தச் சந்துலயே ஓடும். சுத்தமும் கிடையாது ஒண்ணும் கிடையாது. காலையில வந்து மரச்சுத்தியால நாலு தட்டு தட்டுவேன். சத்தத்துலயே தெரிஞ்சிரும், உக்காந்திருக்குதா எந்திரிச்சிருச்சான்னு."

"அதுக்குத்தாண்ணா இந்த மணி. யாரும் தட்ட வேணாம். அதுங்களே ஒண்ணையொண்ணு பார்த்து நெருக்கமா நின்னுக்கும்."

"யாரு சொல்லிக்கொடுத்தா நிக்கிறதுக்கு?"

"நான்தான்," என்றாள் திலோத்தமை. பெருமையை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. "நெரிசல்ல நிக்கிற ஜனங்களைப் படம்பிடிச்சு, ஆயிரம் மணி நேரம் காட்டிக் காட்டிப் பழக்கினோம். தள்ளுமுள்ளு ஆனாலும் இடத்தை விடாம எப்படி நிக்கிறாங்கன்னு."

"எந்த ஜனம்? பஸ் ஸ்டாண்டா? திருவிழாவா?"

"அதுல அடிதடி ஜாஸ்தி, டைரக்டர் வேணாம்னுட்டார். ஒழுங்கான கூட்டமா வேணும்னு அரசு விழா வீடியோவா வாங்கிக் கொடுத்தார். அடிக்கல் நாட்டு விழா, பாலம் திறப்பு விழா, இப்படி."

பொன்னுரங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சம்பளம் வாங்குகிறவர் என்பதால் மூடிக்கொண்டார்.

ஒரு வாரமாகச் சிறிய மோட்டாரில் ஓட்டிப் பார்த்ததில் மணிகள் மாணவர் தலைவனைப் போல் நடந்துகொண்டன. நாலரை உள்ளே போனது. பூஜ்யம் புள்ளி மூன்று வெளியே வந்தது. ஊருக்கே ஏற்றும் பெரிய மோட்டார் வந்து சேர்ந்தது செவ்வாய் மாலை. அதில் ஓட்டிப் பார்த்தது புதன் காலை எட்டரை மணிக்கு. திறப்பு விழாவுக்கு இரண்டரை மணி நேரம் முன்பு சோதனை செய்வது கழகத்தின் நெடுநாள் மரபு.

மோட்டார் உறுமியது. அழுத்தமானி முள் விறுவிறுவென்று ஏறியது. உருளையின் பக்கவாட்டுக் கண்ணாடிச் சன்னல் வழியாகத் திலோத்தமை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணிகள் வழிவிட்டன.

சிதறவில்லை, கலையவில்லை. நடுவில் இருந்தவை நிதானமாக மேலெழும்பி, உருளையின் உச்சியில் காலியாக இருந்த இரண்டடி இடத்துக்குள் ஒதுங்கின. மற்றவை இரு பக்கமும் வரிசை கட்டி நின்றன. நடுவே நேராக, பளிச்சென்று, நாலுவழிச் சாலை போல ஒரு பாதை. அதன் வழியே கரட்டுப்பட்டியின் தண்ணீர் யாரையும் தொடாமல், யாராலும் தொடப்படாமல் கம்பீரமாக மேலே போனது. ஓரத்தில் நின்ற சில மணிகள் லேசாகக் குனிந்தன என்றுகூட அவளுக்குத் தோன்றியது. மணிக்கு இடுப்பு கிடையாது, ஆனாலும் தோன்றியது.

வெளியே வந்த தண்ணீரைச் சோதித்தாள். நாலு புள்ளி ஐந்து.

"பொன்னுரங்கண்ணா," மீட்டரை அவரிடம் நீட்டினாள். "நான் என்ன சொல்லிக்கொடுத்துட்டேன் பாருங்க. சாதாரண ஜனம் தள்ளினா நிக்கணும். பெரிய அழுத்தத்தோட ஒருத்தர் வந்தா, ஒதுங்கி வழிவிடணும். ஆயிரம் மணி நேரமும் அந்தக் கூட்டம் அதைத்தான் பண்ணிச்சு."

"அன்னிக்கே கேக்கலாம்னு நெனச்சேன் மேடம். விழாவுல கார் வர்ற வரைக்கும்தானே நாங்க நிப்போம்."

பத்தரை மணிக்கு அவள் ஒரு சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். இந்தத் தண்ணீர் குடிக்க உகந்தது என்று. அதன்பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் மேடையில் முதல் டம்ளரைக் குடிப்பார்கள். ஊருக்கு வால்வு திறக்கும். 'சுத்தமான தண்ணீர்' என்று நம்பி, இதுவரை மழைநீரைப் பிடித்துச் சமைத்தவர்களும் இதையே குடிப்பார்கள். திலோத்தமை பந்தலுக்கு ஓடினாள்.

டைரக்டர் முனைவர் அகோரமூர்த்தி மேடையின் பின்னால் தம் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நுழைவாயிலில் அமைச்சரின் கட்அவுட் பதினெட்டடி. மேடை மேல் அகோரமூர்த்தியின் கட்அவுட் பன்னிரண்டடிதான். ஆனால் மேடை ஆறரை அடி. இந்தக் கணக்கை அவர் யாரையும் போடவிடாமல் தாமே போட்டிருந்தார்.

"சார், மணிகள் வழிவிடுது."

"யாருக்கு?"

"தண்ணிக்கு."

"நல்ல பண்புதானே?"

அவள் விளக்கினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணை மூடினால் சிந்திப்பதாக அர்த்தம் என்று கழகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு.

"மறுபடி பழக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு மாசம் சார்."

"பண்ணிடுவோம். ஓசையில்லாம பண்ணிடுவோம். இன்னிக்கு மேடைக்குக் கேன் தண்ணி வரவழைச்சிரு. அமைச்சரும் பிள்ளைகளும் அதைக் குடிக்கட்டும்."

"ஊருக்கு, சார்?"

"திலோத்தமை, இந்த மக்கள் அறுபது வருஷமா இதைத்தானே குடிக்கிறாங்க? வரலாற்றுப் பார்வையில மூணு மாசம் என்ன? ஒரு நீர்த்துளி." இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போயிற்று, உரையின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "பத்தரைக்குக் கையெழுத்து வேணும். இல்லைன்னா வேற யாராவது போடுவாங்க. அவங்களுக்கு உன் அறையையும் கொடுக்க வேண்டியிருக்கும்."

அவள் திரும்பி நிலையத்துக்கு நடந்தபோது வேப்பமரத்தடியில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் புகைப்படக்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "சிரிங்க கண்ணுங்களா! அமைச்சர் வர்றாரு, சிரிங்க!" முப்பத்தொரு வாயும் இறுக மூடிக்கொண்டன.

பொன்னுரங்கம் மோட்டாரை நிறுத்திவிட்டு உருளையின் அடியில் குந்தியிருந்தார். மணிகள் மறுபடி இறங்கி, எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தன.

"கேன் தண்ணியாமா?" என்று கேட்டார், பல திறப்பு விழாக்களைப் பார்த்தவர். அவள் தலையாட்டினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. அன்னிக்கு எருமை முன்னாடி அந்த ஆட்டோ எத்தினி நேரம் நின்னுச்சு?"

"இருபது நிமிஷம் இருக்கும். ஏன்?"

"அமைச்சர் காரே வந்திருந்தாலும் நின்னுதான் இருக்கும். ஏன்னா எருமைக்கு அமைச்சர்னா யாருன்னு தெரியாது. உங்க ஜவ்வரிசிக்கு எல்லாம் தெரியுது. அதான் கெடுதல். பழைய டவர்ல மேல என்ன இருந்துச்சு தெரியுமா? கூழாங்கல்லு. துகளுக்கு மேல ஆத்துக் கூழாங்கல்லு, மூடி வரைக்கும் நிரப்பி வச்சிருந்தோம். உங்க ஆளுங்க வந்த அன்னிக்கே அள்ளி வெளிய கொட்டிட்டாங்க. அறிவில்லாப் பொருள்னு எழுதி என்கிட்டக் கையெழுத்துகூட வாங்கினாங்க."

திலோத்தமை நிமிர்ந்தாள். கண்ணாடிச் சன்னலைப் பார்த்தாள். உச்சியில் காலியாக இருந்த இரண்டடியைப் பார்த்தாள்.

"வழிவிடணும்னா ஒதுங்க இடம் வேணும்," என்றாள் மெதுவாக.

"அவ்வளவுதாங்க மேடம். தலை மேல கல்லு உக்காந்திருந்தா யாரு வந்தாலும் எங்க ஒதுங்குறது? நின்னுதான் ஆவணும்."

எட்டு வருடப் படிப்பு, இரண்டு ஆய்வுப் பட்டம், ஆயிரம் மணி நேர வீடியோ. அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

"அந்தக் கல் இப்ப எங்கண்ணா?"

பொன்னுரங்கம் எழுந்தார். பந்தல் பக்கம் கையைக் காட்டினார். மேடை மேல் அகோரமூர்த்தியின் கட்அவுட் கைகூப்பி நின்றது. அதன் மூங்கில் கால்களைச் சுற்றி, காற்றில் சாயாமல் இருக்க, ஆறு மூட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தன.

"பந்தல்காரன் மண்ணு மூட்டைக்குச் சோம்பல்பட்டு, கொட்டிக் கிடந்த இதை அள்ளிக் கட்டிட்டான்."

"அமைச்சர் கட்அவுட்டுக்கு மூட்டை ஏதும் வைக்கலையா?"

"அதுக்குக் கட்சிக்காரங்க நாலு கம்பம் நட்டு டிராக்டர் ஒண்ணைப் பின்னாடி நிறுத்தியிருக்காங்க. அதெல்லாம் பத்து எலக்ஷன் தாங்கும்."

மணி ஒன்பது இருபது. திலோத்தமை பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகினாள். முதலில் பிள்ளைகளின் நாற்காலிகளை மேடையடியிலிருந்து வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொன்னாள். வெயில் படாது என்று டீச்சரிடம் காரணம் சொன்னாள். மேடை மேல் இருக்கப்போகிறவர்களைப் பற்றி அவள் சற்று யோசித்தாள்.

"கட்அவுட் கனமாண்ணா?"

"தெர்மாகோலும் துணியும் மேடம். ஆளு பெருசா தெரிவாரு, அவ்வளவுதான்."

மேடைக்குப் பின்பக்கமாக மூட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். யாரும் கேட்கவில்லை, விழா நாளில் மூட்டை தூக்குகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. கற்களைக் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை அலசினார்கள். பொன்னுரங்கம் ஏணியில் ஏறி உருளையின் மேல்மூடியைக் கழற்றினார். கீழே திலோத்தமை வாளியில் கல்லை நிரப்ப, கயிற்றைக் கப்பியில் போட்டு மேலே அவர் இழுத்தார். பதினைந்தாவது வாளியில் அவள் உள்ளங்கை எரிந்தது.

"மேடம், ஆராய்ச்சின்னா இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதுங்க," என்று மேலிருந்து குரல் வந்தது.

"பேசாம இழுங்கண்ணா!"

பத்தேகாலுக்கு மூடி இறுகியது. மோட்டார் உறுமியது. முள் ஏறியது. திலோத்தமை சன்னலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். மணிகளிடையே ஒரு சலசலப்பு தெரிந்தது. பெரியவர் ஒருவர் வருகிறார் என்று அவற்றுக்குப் புரிந்துவிட்டது. நடுவில் இருந்தவை எழப் பார்த்தன. மேலே கல். பக்கத்தில் ஒதுங்கப் பார்த்தன. பக்கத்திலும் ஆள். கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, வேறு வழியில்லாமல், நின்றன. தண்ணீர் ஒவ்வொரு மணியையும் உரசிக்கொண்டு, வரிசையில் வந்தவனைப் போல் ஏறியது.

பொன்னுரங்கம் மரச்சுத்தியை எடுத்து நாலு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "உக்காந்திருச்சு," என்றார்.

மீட்டர் காட்டியது: பூஜ்யம் புள்ளி நாலு. இரண்டாம் முறை சோதித்தாள். மூன்றாம் முறையும். பிறகு சான்றிதழில் கையெழுத்திட்டு, அடியில் எழுதினாள்: 'மேற்புறம் ஆறு மூட்டைக் கூழாங்கல் நிரப்பிய நிலையில்.' அகோரமூர்த்தி அதை வாங்கிப் படிக்காமலே மேலொப்பமிட்டார். எதையும் படிக்காமல் மேலொப்பமிடுவதற்குத்தான் அவர் டைரக்டர்.

"கேன் தண்ணி வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"தேவையில்ல சார்."

அமைச்சர் பன்னிரண்டரைக்கு, அதாவது நேரத்துக்கு, வந்தார். கூட்டம் இரு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. திலோத்தமை அதை முதல்முறையாகப் பார்ப்பவள் போல் பார்த்தாள்.

அமைச்சர் வால்வுச் சக்கரத்தைத் திருப்பினார். தண்ணீர் வந்தது. பிள்ளைகள் குடித்தார்கள். ஒரு சிறுமி டம்ளரை முகர்ந்து பார்த்து, "டீச்சர், இதுல டேஸ்டே இல்ல," என்றாள். திலோத்தமைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவைப்படவில்லை. பிறகு அமைச்சர் நிழல் தேடி வேப்பமரத்தடிக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட, அகோரமூர்த்தி மேடையில் தனியாக ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நிலைத்தன்மை!" என்று தொடங்கினார். "நிலைத்தன்மை என்பது என்ன? வெளியிலிருந்து முட்டுக் கொடுத்து நிற்பதா? இல்லை! உள்ளிருந்து, தன் அறிவால், தானே நிற்பது!"

மேற்கிலிருந்து ஒரு சின்னக் காற்று. பந்தல் துணி படபடத்தது. பன்னிரண்டடி அகோரமூர்த்தி கைகூப்பியபடி லேசாக முன்னால் வணங்கினார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. தம் உரைக்குத்தான் அந்த அமைதி என்று நினைத்து அவர் குரலை இன்னும் உயர்த்தினார். கட்அவுட் இன்னும் கொஞ்சம் வணங்கியது. பிறகு அவசரமே இல்லாமல், மரியாதையாக, முழுதாக விழுந்தது.

மேடை மறைந்தது. துணி கிழியும் சத்தம். பெரிய அகோரமூர்த்தியின் தொப்புள் இருக்கும் இடத்தில் சின்ன அகோரமூர்த்தியின் தலை வெளியே வந்தது. மூக்குக்கண்ணாடி அப்படியே இருந்தது. ஒலிவாங்கியும் கையில் இருந்தது.

"தானே நிற்பது," என்றார் மறுபடி.

முதலில் சிரித்தது அந்தச் சிறுமி. பிறகு வரிசை முழுக்க. முப்பத்தொரு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. காவி ஏறிய பற்கள் அத்தனையும் வெயிலில் தெரிந்தன. மூடிக்கொள்ள ஒருவருக்கும் நினைவில்லை. அமைச்சர் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டார். பொன்னுரங்கம் வாயைப் பிளந்து, தலையைப் பின்னால் சாய்த்து, இருபத்தாறு வருடத்துக்கும் சேர்த்துச் சிரித்தார். புகைப்படக்காரர் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

அந்தப் படம்தான் இப்போது பள்ளிச் சுவரில் இருக்கிறது. அந்தப் பற்கள் இனி வெளுக்காது என்று திலோத்தமை டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்; இனி முளைக்கப்போகிற பற்களுக்குத்தான் இந்தத் தண்ணீர். "அதுங்க தம்பி தங்கச்சிங்க சிரிக்கட்டும்," என்றாள் டீச்சர்.

மூன்று மாதம் கழித்து, மணிகள் அன்றாடம் கழகத்துக்கு அனுப்பும் அறிக்கைகளைத் திலோத்தமை படித்தாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு நூறு பக்கம் எழுதியிருந்தன. யார் அழுத்தினார், யார் நகர்ந்தார் என்று. விழா நாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே வரி: 'நகர இடமில்லை. முடிவெடுக்க எதுவுமில்லை.'

அகோரமூர்த்திக்குத் தேசிய விருது கிடைத்தது. பாராட்டுரையில் ஆறு மூட்டைக் கூழாங்கல், 'உயர்நிலை மேலடுக்கு நிலைப்படுத்தி' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. ஒரு தவறும் செய்யாமல் தொண்ணூறு நாள் நின்ற அறிவுமணிகளின் ஒழுக்கம் பற்றித் தனிப் பத்தி. விருது வாங்கிய கையோடு அவர் அடுத்த திட்டத்தை அறிவித்தார்: அந்த மேலடுக்குக் கற்களுக்கும் அறிவூட்டுவது. பயிற்சிக்கு வீடியோ திரட்டும் பொறுப்பு திலோத்தமைக்கு.

அவள் பொன்னுரங்கத்துக்குப் போன் செய்து சொன்னாள்.

"ஏங்க மேடம், அது ஒண்ணாச்சும் ஒண்ணும் தெரியாம இருந்துட்டுப் போவட்டுமே?"

"அதையேதாண்ணா எழுதிக் கொடுத்திருக்கேன். படிக்க மாட்டார். ஆனா மேலொப்பம் போட்டுட்டார்."

அடுத்த புதன்கிழமை, ஓட்டுநர் இல்லாத ஆட்டோ மறுபடியும் கரட்டுப்பட்டித் தெருக்களில் வந்தது. நெருப்பு, சக்கரம், பூஜ்யம், அறிவுமணி. இந்நான்குக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் காணப்போவது அறிவுக்கல் என்று அறிவித்தது. சந்தைமேட்டுத் திருப்பத்தில் அதே எருமைக்கு முன்னால் நின்றது.

ஊருக்குத் தண்ணீர் வழக்கம்போல் காலை ஆறு மணிக்கு வந்து, குடங்கள் நிறைந்ததும் எட்டு மணிக்கு நின்றுவிட்டிருந்தது.